வெறுங்காலோடு ஆலங்காட்டுக்கு

திமிரியில் எங்கள் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் காலை ஆறேகாலுக்கு வரும். பெரியம்மா ஆறு மணிக்கே போய் நின்றுவிடுவாள். டிபன் பாக்ஸ் வைத்த ஒயர் கூடை ஒரு கையில், பின்னி முடிக்காத சடை இன்னொரு கையில். பஸ் முழுக்கப் பெண்கள். திமிரியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஏறி, ஆற்காடு தாண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டி, ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் இறங்குவார்கள். பெரியம்மாவுக்கு அப்பர் தைக்கிற வேலை. ஷூவின் மேல்பாகத்துக்கு அப்பர் என்று பேர். வெட்டி வந்த தோல் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து மிஷினில் ஓட்ட வேண்டும். ஒரு தையல் கோணினால் ஜோடியே ரிஜெக்ட்.

சாயங்காலம் அவளோடு கூடவே ஒரு வாசனை வீட்டுக்குள் வரும். பதம் போட்ட தோலும் ஒட்டுகிற பசையும் கலந்த வாசனை. சீயக்காய் போட்டாலும் எலுமிச்சை மூடியால் தேய்த்தாலும் விரலை விட்டுப் போகாது. அந்தக் கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் பன்னிரண்டு வயசு வரைக்கும் தூங்கினேன். இப்போது நியூ ஜெர்சியில் ஏதோ ஒரு கடையில், புதுத் தோல்பைகள் அடுக்கி வைத்த பக்கம் போனால் கால் தானாக நின்றுவிடுகிறது. வாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

பெரியம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு. அது ரேஷன் கடைக்கும் துணி துவைக்கவும் மல்லாட்டை உரிக்கவும் போய்விடும். தனக்கென்று அவள் எடுத்துக்கொண்ட லீவு வருஷத்துக்கு ஒன்றுதான், மார்கழித் திருவாதிரை. ஏற்றுமதி ஆர்டர் தலைக்கு மேல் நின்றாலும், சம்பளத்தில் பிடிப்பேன் என்று சூப்பர்வைசர் சொன்னாலும், அன்றைக்குப் போக மாட்டாள். என்னை இழுத்துக்கொண்டு திருவாலங்காட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

சிதம்பரம் பொன்னம்பலம், மதுரை வெள்ளியம்பலம், நெல்லை தாமிரசபை, குற்றாலம் சித்திரசபை என்று சொல்லும் வரிசையில் ஆலங்காடு இரத்தினசபை. சிவன் காளியோடு போட்டி போட்டு ஒரு காலை உச்சிக்குத் தூக்கி ஆடிய இடம். திருவாதிரை இரவு அபிஷேகத்துக்கு ஜனம் நெரியும். எல்லாரும் நடராஜரைப் பார்க்கப் போவார்கள். பெரியம்மா மட்டும், "அம்மாவப் பாத்துட்டு வரலாம் பாப்பா" என்பாள். அவள் சொன்ன அம்மா, காரைக்கால் அம்மையார்.

ஆற்காடு வரைக்கும் டவுன் பஸ். அங்கிருந்து பாலாற்றைக் கடந்து வாலாஜா ரோடு ஸ்டேஷன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து இந்த வாலாஜா ரோடு வரைக்கும்தான் ஓடியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு. அதே தண்டவாளத்தில் அரக்கோணம் போய், அங்கே லோக்கல் மாறி, அடுத்த சில ஸ்டேஷன்களில் திருவாலங்காடு. நூறு கிலோமீட்டர்கூட இல்லாத பயணம். ஆனால் இன்றைக்கு விமானத்தில் பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்து வருகிறபோதும், அந்த லோக்கல் ரயிலின் மரப்பலகையில் பெரியம்மாவின் மடியில் தலை வைத்துப் போன தூரம்தான் எனக்கு நீளமாகத் தெரிகிறது.

பாலம் தாண்டி ராணிப்பேட்டை வரும்போது அவள் ஒரு கதை சொல்வாள். வருஷா வருஷம் அதே இடத்தில் அதே கதை. செஞ்சி தேசிங்கு ராஜா 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு போரிட்டுச் செத்தார். இளவயசு ராணி அவரோடு உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகத்தான் ஊருக்கு ராணிப்பேட்டை என்று பேர் வந்தது. இது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. பஸ்ஸில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் "பத்தினி" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பெரியம்மா போட்டுக்கொள்ள மாட்டாள். "எரிஞ்சி போச்சே அந்தப் பொண்ணு" என்று மட்டும் சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

திருவாலங்காட்டில் ஸ்டேஷனிலிருந்து கோயில் சில கிலோமீட்டர் தள்ளி. திருவிழா வண்டிகள் ஓடும். ஊர் நெருங்கியதும் பெரியம்மா இறங்கச் சொல்லிவிடுவாள். செருப்பைக் கழற்றித் தூசி தட்டித் துணிப்பையில் போட்டுக்கொள்வாள். என் செருப்பையும் வாங்கிக்கொள்வாள். மார்கழிப் பனியில் ரோட்டு ஜல்லி உள்ளங்காலில் குத்தும். நான் அழுவேன்.

"அந்தம்மா தலையால நடந்த மண்ணு பாப்பா. ஞானசம்பந்தரே கால் வெக்கப் பயந்து ஊருக்கு வெளிய நின்னுட்டாராம். நாம செருப்புக் காலோட போலாமா?"

வருஷம் முழுக்க எந்த எந்த நாட்டுக்காரர்களின் காலுக்கோ ஷூ தைக்கிறவள், அன்றைக்கு ஒரு ராத்திரி வெறுங்காலோடு நடப்பாள். நடக்கிறபோதுதான் கதை சொல்வாள்.

கதை உங்களுக்கும் தெரியும். காரைக்கால் வணிகர் தனதத்தன் மகள் புனிதவதி. கணவன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்குக் கறி ஆகாத நேரத்தில் சோற்றோடு ஒரு பழத்தைப் போடுகிறாள். மத்தியானம் சாப்பிட வந்தவன் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றையும் கேட்கிறான். அவள் உள்ளே போய் இறைவனை நினைக்க, கையில் பழம் வருகிறது. முந்தின பழத்தைவிட ருசி. எங்கே கிடைத்தது என்று கேட்டு, நடந்ததை நம்பாமல் இன்னொன்று வரவழைக்கச் சொல்கிறான். அதுவும் வந்து, அவன் கையில் வாங்கிய உடனே மறைந்துபோகிறது. பயந்துபோனவன் கப்பல் ஏறிப் போய், பிறகு பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான்.

எனக்கு அந்த மாம்பழ இடம்தான் வேண்டும். பெரியம்மா அதை ஓட்டமாக ஓட்டிவிடுவாள்.

"ரெண்டு பழம். ஒண்ணு போட்டாங்க, ஒண்ணு வந்துச்சி. அது கெடக்கட்டும். அப்புறம் இன்னா ஆச்சின்னு கேளு."

"எங்கேர்ந்து வந்துச்சி பெரிம்மா?"

"எங்கேர்ந்தோ. அந்தம்மா கேட்டது மாம்பழத்தையா? அவங்க கேட்டது வேற."

அந்த வேறு இடத்துக்கு வந்ததும் அவள் நடை மெதுவாகும். சொந்தக்காரர்கள் புனிதவதியைப் பல்லக்கில் ஏற்றிக் கணவன் ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். அவன் இரண்டாவது மனைவியோடும், புனிதவதி என்றே பேர் வைத்த மகளோடும் வந்து அவர் காலில் விழுகிறான். "புருஷன் கால்ல விழுந்துட்டான்னு அந்தம்மா சந்தோஷப்படல பாப்பா. இனிமே இந்த ஒடம்பு யாருக்குன்னு கேட்டாங்க. இவனுக்காகத் தூக்கிக்கினு திரிஞ்ச அழகு எனக்கு வேணாம், எடுத்துக்கோ, பேயா ஆக்குன்னு கேட்டாங்க." இதைச் சொல்கிறபோது அவள் குரலில் பயம் இருக்காது. ஒருத்தி கணக்கு முடித்து வேலையை விட்டு வெளியே வருகிற மாதிரி, நிம்மதியாகச் சொல்வாள்.

எங்கள் பெரியப்பா நான் பிறப்பதற்கு முன்பே பெங்களூருக்கு வேலைக்குப் போனவர். அங்கே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. பெரியம்மா அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. ஊர்தான் பேசியது. புருஷன் இல்லாதவள் சடை பின்னிக்கொண்டு பஸ் ஏறுகிறாள் என்று பேசியது. மாம்பழக் கதையை அவள் ஏன் ஓட்டிவிடுவாள் என்பது எனக்கு முப்பது வயசுக்கு மேல்தான் விளங்கியது. அது புருஷன் சந்தேகப்படுகிற கதை. அவளுக்கு அதன் ருசி தெரியும்.

ஒரு வருஷம் தரிசன வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். பெரியம்மாவின் கையைத்தான் பார்த்தாள். எனக்கு உடம்பு கூசியது. பெரியம்மா ஒதுங்கவில்லை. என் காதுக்குக் குனிந்து, ஆனால் அந்தப் பெண்ணுக்கும் கேட்கும்படியே சொன்னாள்: "சாமி போத்தியிருக்கறது இன்னா? யானத் தோலு. இடுப்புல? புலித் தோலு. அவுரு ஆட்டத்துக்கு அடிக்கற மேளம்? அதுவும் தோலுதான். நம்ம கை வாசன அவருக்குப் புதுசா பாப்பா?" அந்தக் கையைக் கூப்பியபடியே உள்ளே போனாள். உள்ளே அம்மையார் சிலை முன்னால் அவள் எதையும் வேண்டிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. வேலை முடிந்து வந்த இருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல, சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள்.

அவள் அம்மையாரின் பாட்டு ஒன்றையும் படித்ததில்லை. நாலாவதோடு நின்ற படிப்பு. எங்களுக்கெல்லாம் தெரிந்த அம்மையார் 1973-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படத்தில் வந்த கே.பி. சுந்தராம்பாள்தான். டிவியில் போட்டால் தெருவே கூடிவிடும். பள்ளிக்கூடத்திலும் மாம்பழத்தோடு பாடம் முடிந்தது. எங்கள் ஊர்ச் சரித்திரம் என்று வாத்தியார் சொன்னதெல்லாம் கோட்டையும் படையும். 1751-இல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்த கையோடு திமிரிக் கோட்டைக்கும் படை நடத்தி வந்தார் என்று வருஷத்தோடு மனப்பாடம் செய்தோம். ரயிலில் ஒரு பொழுதில் போய்விடுகிற தூரத்தில் ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து பாட்டு எழுதினாள், அந்தப் பாட்டு இன்னமும் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அந்தப் பாட்டுகளை நான் முதன்முதலில் படித்தது கடல் தாண்டி வந்தபிறகு. பெரியம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடைசி நாட்களில் அவளுக்கு விரல்கள் மடங்காமல் போய்விட்டன என்று அம்மா போனில் சொல்வாள். நான் வந்து சேர முடியவில்லை. லீவு இல்லை, டிக்கெட் இல்லை, விசா தாளில் ஏதோ ஒன்று நிலுவை. எல்லாமே உண்மையான காரணம்தான். ஆனால் ஆர்டர் தலைக்கு மேல் நின்றபோதும் லீவு எடுத்தவள் அவள். அந்த மார்கழியில் தூக்கம் வராத ஒரு ராத்திரியில் பதினொன்றாம் திருமுறையைத் தேடி எடுத்தேன்.

அதில் அம்மையார் பாடியது மொத்தம் 143 பாட்டு. அற்புதத் திருவந்தாதி 101. திருஇரட்டை மணிமாலை 20. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலும் சேர்த்து 22. அப்பருக்கும் சம்பந்தருக்கும் முந்தியவர் என்பதால் பதிகத்துக்கே 'மூத்த' என்று பட்டம்.

மாம்பழத்தைத் தேடினேன். இல்லை. கணவனைத் தேடினேன். அவனும் இல்லை. தனதத்தனும் பரமதத்தனும் பல்லக்கும் கப்பலும், எல்லாம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்ன வரலாறு. சேக்கிழாரும் எங்கள் தொண்டை நாட்டுக்காரர்தான், குன்றத்தூர். அவர் அன்போடு சொன்னார், அதனால்தான் அம்மையார் நம் வீடுகளுக்கு வந்தார். ஆனால் அம்மையார் தன் வாயால் பாடியதில் அந்தக் கதையின் சுவடுகூட இல்லை. பேச்சுப் பழகிய நாளிலிருந்தே உன்மேல் அன்பு வைத்தேன், என் துன்பத்தை எப்போது தீர்ப்பாய் என்று நேரே இறைவனிடம் பேசித்தான் தொடங்குகிறார். நடுவில் ஆள் கிடையாது. பெரியம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அவங்க கேட்டது வேற.

அந்தாதி என்றால் ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்க வேண்டும். நூற்றியோராவது பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தில் வந்து சேர வேண்டும். இலக்கணத்தில் படித்தபோது எனக்கு இது மண்டையில் ஏறவில்லை. அன்றைக்கு ராத்திரி படிக்கும்போது பெரியம்மாவின் மிஷின் சத்தம் கேட்டது. ஒரு துண்டின் ஓரத்தை அடுத்த துண்டின் ஓரத்தில் ஏற்றித் தைத்து, சுற்றி வந்து, ஆரம்பித்த ஓட்டையிலேயே நூலை முடிப்பாள். எங்கே ஆரம்பித்தாள் என்று கண்டுபிடிக்க முடியாது. அதுதான் நல்ல கை என்பார்கள் கம்பெனியில். தமிழில் நமக்குக் கிடைக்கிற முழு அந்தாதிகளில் பழமையானது இந்தக் கை தைத்தது.

ஆனால் என்னை உலுக்கியது ஆலங்காட்டுப் பதிகம். அம்மையார் ஒரு பெண்பேயைக் காட்டுகிறார். மார்பு வற்றித் தொங்குகிறது. நரம்பு புடைத்திருக்கிறது. கண் குழிக்குள் போய்விட்டது. பல் நீட்டிக்கொண்டிருக்கிறது. வயிறு முதுகோடு ஒட்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்புதான். இப்படி உச்சி முதல் பாதம் வரை பார்த்துப் பார்த்துச் சொல்கிறார். பெண்ணின் உடம்பைத் தமிழ்க் கவிதை எத்தனையோ விதமாகப் பாடியிருக்கிறது. மூங்கில் தோள், மின்னல் இடை, மயில் சாயல். அம்மையார் அந்த வரிசையையே எடுத்துக்கொண்டு, அழகு இருந்த ஒவ்வோர் இடத்திலும் மூப்பையும் பசியையும் எலும்பையும் வைக்கிறார். அருவருப்போடு சொல்லவில்லை. மனம் இறுக்கி, நேராகப் பார்த்துச் சொல்கிறார். காரையும் சூரை முள்ளும் எட்டி மரமும் அடர்ந்த காடு, நரி ஊளை, எரிகிற பிணம், பாதி வெந்த கொள்ளி. அதன் நடுவில் இறைவன் ஆடுகிறான். சடை எட்டுத் திசையிலும் வீசுகிறது. அந்தப் பேய் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு பதிகத்தையும் அந்தாதியையும் அவர் முடிக்கிற இடத்தில் தன் பேரைச் சொல்கிறார். காரைக்கால் பேய். புனிதவதி என்று சொல்லவில்லை. யார் மகள், யார் மனைவி என்று சொல்லவில்லை. ஊர் பேரும் பேய் என்ற பேரும், அவ்வளவுதான். அம்மையார் என்று கூப்பிட்டது இறைவன், நாம் அல்ல என்று சேக்கிழார் சொல்கிறார். தலையால் நடந்து கயிலைக்கு வந்தவரைப் பார்த்து, 'அம்மையே' என்றானாம். தாயில்லாதவன் ஒருத்தியை அப்படி அழைத்தான் என்றால் அது இந்த ஒருத்தியைத்தான்.

இன்னோர் இடத்தில் ஆட்டத்துக்கு வாசிக்கிற வாத்தியங்களை அடுக்குகிறார். பழந்தமிழ் இசையின் சுரப் பேர்களைச் சொல்லிவிட்டு, மத்தளம், தக்கை, துந்துபி, கரடிகை, தமருகம், குடமுழா, மொந்தை என்று போகிறது பட்டியல். தாளமும் வீணையும் நீங்கலாக முக்கால்வாசி தோல் போர்த்த கருவிகள். தமிழிசை ஆராய்கிறவர்கள் அந்த இடத்தைப் பொன்போலப் போற்றுகிறார்கள். நான் அதைப் படித்துவிட்டு மடிக்கணினியை மூடிவிட்டு அழுதேன். தரிசன வரிசையில் நின்று பெரியம்மா சொன்னது அங்கே அப்படியே இருந்தது. படிக்காதவள், பாட்டு தெரியாதவள், தோல் வாசனை ஏறிய கையை வைத்துக்கொண்டு அம்மையார் கேட்ட அதே மேளத்தைக் கேட்டிருக்கிறாள்.

அன்றைக்குத்தான் ராணிப்பேட்டைக் கதையும் எனக்கு முழுதாகப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் இரண்டு பெண்களின் பேர் நிற்கிறது. ஒருத்தி கணவன் போனதும் சுடுகாட்டு நெருப்பில் ஏறினாள். அவள் பேரில் ஊர் இருக்கிறது, அவள் சொன்ன சொல் ஒன்றுகூட இல்லை. இன்னொருத்தி கணவன் விட்டுப் போனதும் சுடுகாட்டுக்கு நடந்தே போனாள். நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எரிவது இன்னதென்று பார்த்துப் பாட்டு எழுதினாள். பெரியம்மா முதலாமவளுக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டாமவளைப் பார்க்க வருஷா வருஷம் போனாள்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அம்மையாரின் செப்புச் சிலை ஒன்று இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சோழர் வேலை. ஒரு சாண் உயரம். எலும்பும் தோலுமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்து கையில் தாளம் வைத்துப் பாடிக்கொண்டிருக்கிறார். ஜனவரிக் குளிரில் ஒரு வேலைநாளில் போனேன். யாரும் பார்க்காத நேரத்தில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவர் முன்னால் நின்றேன். என்னைப்போல அவரும் இங்கே எப்படியோ வந்துவிட்டார் என்று தோன்றியது. இதற்கும் முன்பே அவர் கடல் கடந்தவர். கம்போடியாவில் 967-இல் கட்டிய பாந்தியாய் சிரே கோயிலில் ஆடும் சிவனின் காலடியில் அவரைச் செதுக்கியிருக்கிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிற திருவாலங்காட்டு நடராஜரைப் படங்களில் மட்டுமே பார்த்து பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913-இல் உருகி உருகி எழுதினார். ஆடுகிறவரை உலகம் பார்த்துவிட்டது. அந்த ஆட்டத்தைக் காலடியில் உட்கார்ந்து பாட்டாகப் பிடித்து வைத்தவளை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

போன தடவை ஊருக்கு வந்தபோது திருவாதிரை இல்லை, வெயில் காலம். நான் விட்டுப் போனபோது வேலூர் மாவட்டமாக இருந்த எங்கள் ஊர் 2019-இலிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். கம்பெனி பஸ்கள் இப்போதும் விடியற்காலையில் வருகின்றன. சடை பின்னிக்கொண்டே ஓடுகிற பெண்கள் இப்போதும் இருக்கிறார்கள். அரக்கோணத்தில் மாறி ஆலங்காட்டுக்குப் போனேன். ஊர் நெருங்கியதும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிச் செருப்பைக் கழற்றினேன். வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள ஆள் இல்லை. தார் ரோடு கொப்பளிக்கிற சூடு. மார்கழிப் பனியில் ஜல்லி குத்துகிறது என்று அழுத பெண்ணை நினைத்துக்கொண்டே நடந்தேன். அந்தக் குளிரும் அந்தக் குத்தலும் அந்தக் குரலும் இனி எனக்கு எந்தக் காசுக்கும் கிடைக்காது.

அம்மையார் சந்நிதியில் கொண்டுபோன புத்தகத்தைப் பிரித்து மூத்த திருப்பதிகத்தைச் சத்தமாகப் படித்தேன். இருபத்திரண்டு பாட்டும் படிக்க அரை மணிகூட ஆகவில்லை. எத்தனை மார்கழி அந்த இடத்தில் சும்மா நின்றிருக்கிறோம்! பத்து வயசில் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். ஒரே ஒரு வருஷம் யாராவது அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்திருந்தால், பெரியம்மாவுக்கு நான் படித்துக் காட்டியிருப்பேன். அவள் கேட்டிருப்பாள். அவளுக்கு உரை தேவைப்பட்டிருக்காது. என் ஏக்கமெல்லாம் இந்த அரை மணி நேரத்துக்குத்தான்.

ஆனித் திருவிழாவில் காரைக்காலில் மாம்பழம் வாரி இறைக்கிறார்கள். நல்லது, நடக்கட்டும். ஆனால் அம்மையார் நமக்கு விட்டுப் போனது மாம்பழம் இல்லை, 143 பாட்டு. ஒரு ராத்திரிக்குள் படித்துவிடலாம். உங்கள் வீட்டில் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுகிற அக்காவோ அம்மாவோ பெரியம்மாவோ இருந்தால், வருகிற பங்குனிச் சுவாதி, அம்மையாரின் குருபூசை நாள் அன்றைக்கு, வேலை முடிந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் இருக்கும்போதே படித்துக் காட்டுங்கள்.